சர்க்கரை ஆலைப் பாய்லர் பொறுப்பாளர்களுக்கு: குழாயின் உள்பக்கத்தையும் பாருங்கள்

காவிரி டெல்டாவில், சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கும் இணைமின் நிலையத்தோடு ஓடும் சர்க்கரை ஆலைகளின் நிர்வாகத்துக்கும் பாய்லர் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

ஆப் சீசன் வேலைப் பட்டியல் நம் எல்லோருக்கும் மனப்பாடம். டிரம்மைத் திறந்து பார்ப்போம், தேய்ந்த குழாயை மாற்றுவோம், ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை அழுத்தி ஒழுக்குப் பார்க்கும் சோதனை) எடுப்போம், பாய்லர் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்குவோம். அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல். நீராவியை மேலும் காய்ச்சும் சூப்பர்ஹீட்டர் குழாய்களுக்குள் வளர்ந்திருக்கும் ஆக்சைடை, அதாவது துரு மாதிரிப் படலத்தை, அளந்து பாருங்கள்.

"தண்ணீரைத்தான் டி.எம். பிளாண்டில் (உப்பை நீக்கும் நிலையத்தில்) சுத்தம் செய்து விடுகிறோமே, உள்ளே என்ன படியப் போகிறது?" என்று ஓர் ஆலையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது தண்ணீர் கொண்டுவந்து போடும் உப்பு இல்லை. சூடேறிய இரும்பு, நீராவியில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடாக மாறுகிறது, ஹைட்ரஜன் பிரிந்து போகிறது. இதற்குக் காற்றே வேண்டாம். தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும் இது நடக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பநிலையும் எஃகின் ரகமும்.

அரிசி ஆலைக்காரர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நெல் அவிக்கும் பாய்லர் 200 டிகிரியை ஒட்டியே ஓடுகிறது. அங்கே உண்டாகும் படலம் மெல்லியது, இரும்புக்குக் காவலாகவும் நிற்கும். அவர்களுக்குத் தலைவலி போர்வெல் தண்ணீர் உப்பு.

நம் ஆலைகள் அப்படியில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 67 கிலோ அழுத்தத்துக்கு 485, 87 கிலோவுக்கு 515, 110 கிலோவுக்கு 540 டிகிரி என்றுதான் இணைமின் பாய்லர்கள் பெரும்பாலும் வருகின்றன. இதெல்லாம் வெளியே வரும் நீராவியின் சூடு. சூப்பர்ஹீட்டரின் கடைசிக் காயிலின் (குழாய்ச் சுருளின்) உலோகம் அதைவிடக் கூடுதலாகக் காய்கிறது. சாதா இரும்பில் 570 டிகிரியைத் தாண்டினால் வுஸ்டைட் என்ற ஆக்சைடு அடுக்கு முளைத்து, வளர்ச்சி வேகம் எகிறிவிடும். குரோமியம் சேர்ந்த எஃகில் அந்த எல்லை கொஞ்சம் மேலே தள்ளிப் போகும், அவ்வளவுதான். 2.25 சதவீதக் குரோமியம் உள்ள டி22 ரக எஃகை விடுங்கள், 9 சதவீதம் உள்ள டி91 கூடக் காற்றில் தாங்குகிற மாதிரி நீராவியில் தாங்குவதில்லை.

ஆக்சைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அது தடிக்கத் தடிக்க, உள்ளே ஓடும் நீராவியால் குழாயைக் குளிர்விக்க முடியாமல் போகும். உலோகம் இன்னும் காயும், ஆக்சைடு இன்னும் வளரும். இதுவாவது மெதுவாக நடக்கிற கெடுதல். பாய்லரை நிறுத்தும்போது வருவதுதான் திடீர் ஆபத்து. எஃகும் ஆக்சைடும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அதனால் படலம் செதில் செதிலாக உரிந்து விழுகிறது. வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும் மின் நிலையத்தைவிட நமக்கு இது அதிகம் பொருந்தும் என்பது என் கணிப்பு. கரும்பு வரத்து குறைந்தால் நிறுத்துகிறோம், மழையில் வெட்டு நின்றால் நிறுத்துகிறோம், சக்கை ஈரமானால் தடுமாறுகிறோம்.

டெல்டா ஆலை ஒன்றில் வெடித்த குழாயை அறுத்துப் பார்த்தேன். வெடித்த இடத்தில் குழாய் உப்பி, உதடு பிரிந்தது போல் வாய் திறந்திருந்தது. காரணம் இருந்தது அங்கே இல்லை, கீழ் வளைவில். நகக்கண் அளவுக் கருஞ்சாம்பல் செதில்கள் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன. நீராவி ஓட்டம் குறைந்து, அந்த ஒரு குழாய் மட்டும் வெந்திருக்கிறது. அந்தப் பருவத்துக்கு முன் ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆன குழாய்தான் அது. ஆகாமல் எப்படி? ஹைட்ரோ டெஸ்ட் ஒழுக்கைக் காட்டுமே தவிர அடைப்பைக் காட்டாது. பாய்லர் நின்றதும் அரவை நின்றது. வெட்டு உத்தரவை நம்பி வெட்டிய கரும்பு யார்டில் டிராக்டர் டிராக்டராகக் காய்ந்தது. எடையும் போச்சு, சர்க்கரைச் சத்தும் போச்சு. அந்த நஷ்டத்தில் பாதி விவசாயி தலையில்.

400 டிகிரிக்கு மேல் ஓடும் பாய்லருக்கு 1,00,000 மணி நேரம் ஆனதும் மீதி ஆயுளைச் சோதிக்க வேண்டும் என்று பாய்லர் விதிமுறையே சொல்கிறது. பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலைக்கு அந்தக் கணக்கு வந்து சேர 20 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. கடைசிக் காயிலில் அல்ட்ராசோனிக் முறையில் ஆக்சைடு தடிமனை எடுங்கள். வழக்கமான தடிமன் மீட்டர் இதற்குப் போதாது, அதிக அலைவெண் புரோப் வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். கீழ் வளைவுகளை ரேடியோகிராபி எடுங்கள். காந்தம் வைத்துச் செதிலைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது காந்தத்தில் ஒட்டாத ஆஸ்டெனிட்டிக் ரக எஃகுக் குழாய்க்கு மட்டும்தான் சரிவரும். டி11, டி22 ரகங்களில் குழாயே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்! அப்புறம், வெப்பநிலை எகிறிய நாட்களை லாக் புத்தகத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஷிப்ட் ஆளைத் திட்டினால், எவ்வளவு எகிறினாலும் அவர் வழக்கமான 515 என்றே எழுதுவார்.

வருடத்துக்கு ஒரு துண்டுக் குழாயாவது அறுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். எந்தக் காயில், எத்தனையாவது குழாய், நெருப்புப் பக்கம் எது என்று அறுக்கும் முன்பே குழாயில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். குறிக்காத துண்டு வந்தால் சோதனைச்சாலையில் ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
பாய்லர் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவர்,
திருவெறும்பூர்.