அடம்பங்கொடியும் பங்குனி ஆமையும்

ராஜாக்கமங்கலம் துறை,
மாசி கடைசி

அன்புள்ள செல்வின்,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். வீட்டில் எல்லோரும் சுகம்.

ஒரு சங்கதி உண்டு மக்கா. போன செவ்வாய் விடியக்காலம் கடற்கரைக்கு நடக்கப் போனேன். உருளியை இழுத்துப்போன மாதிரி ஒரு தடம் தண்ணீரிலிருந்து ஏறி, மறுபடி தண்ணீருக்கே இறங்கியிருந்தது. மேட்டில், கடற்கரை மணலில் படருகிற அடம்பங்கொடி பிய்ந்து கிடந்தது. முட்டையிடக் கரையேறும் கடலாமை, நம்ம பங்குனி ஆமை! ஆனால் எனக்கு முன்னாலேயே நாய் வந்து முட்டைக் குழியைக் கிளறிவிட்டது. ஒரு முட்டைத் தோட்டை எடுத்துப் பார்த்தேன், தோல் மாதிரித் துவண்டது. அடியில் தப்பிய முட்டை முப்பத்தைந்து. வனத்துறைக்குப் போன் செய்தேன்; ஆள் வந்து பொரிப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

பள்ளியில் படித்த நெய்தல் பாட்டு ஞாபகம் இருக்கா? சூல் ஆமை அடம்பங்கொடி சிதைய முட்டையைப் புதைக்கும், ஆண் ஆமை காவல் நிற்கும் என்று. கொடி பிய்ந்ததைப் பாடினவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். காவல்தான் சும்மா, ஆண் ஆமை முட்டையைத் தேடிக் கரைக்கு வராது!

அந்தக் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுவுக்குக் கணு வேர், அறுத்தால் இரண்டு கொடி. விதை மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் முளைக்கும். ஆமையோ ஒரு குழிக்கு நூறு முட்டை இட்டாலும், ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறினால் பெரிது. அதுவும் இழுவலையில் மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் செத்து ஒதுங்கியது ஆயிரத்துக்கு மேல்.

ஆமைக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இடம் உண்டு. கொடியை யார் கண்டுகொள்கிறார்கள்? ஆனால் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதானே. வள்ளவிளைப் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் போட்ட கரையைப் பார், கொடிக்கு மணல் இல்லை, ஆமைக்கு ஏற வழியில்லை. அதற்காகக் கல் வேண்டாம் என்று, வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவனிடம் போய்ச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சரி, எடுத்துப்போன முட்டை 45 முதல் 60 நாளில் பொரிந்துவிடும். சித்திரையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா, குஞ்சு விடுவதைப் பார்க்கலாம். உன் டார்ச்சை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சு கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

அன்புடன்,
தாசன்