ஜல்லிக்கு முன் வடிகால்

ஆசிரியருக்கு,

நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் பராமரிப்புப் பணிக்காகப் பயணிகள் ரயில்களின் நேரம் மாற்றப்படும் என்ற செய்தியைப் படித்தேன். இப்பணி அவசியம், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தண்டவாளத்தை மட்டும் சீராக்கினால் பயன் நீடிக்காது. பாதையைச் சீராக்கும் டேம்பிங் இயந்திரம் அதைச் சற்றே தூக்கி, சிலீப்பரின் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையின்) இருபுறமும் இரும்பு விரல்களை இறக்கி, அதிர்வு கொடுத்து ஜல்லியை அடியில் நெருக்குகிறது. அந்த ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள கூர்முனைக் கற்களாக, இடையில் நீர் இறங்கும் வெற்றிடத்தோடு இருந்தால்தான் பிடிப்பு நிற்கும்.

இரணியல், பள்ளியாடி, குழித்துறைப் பகுதிகளில் பாதை செம்மண் மேடுகளை வெட்டிச் செல்கிறது. மழையில் கரையும் மண் பக்கவாட்டு ஓடையை அடைத்து, ஜல்லிக்குள் புகுந்துவிடும். பிறகு ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சிலீப்பருக்கடியிலிருந்து சேறு பீச்சியடிக்கும். அவ்விடம் மீண்டும் தாழும். டேம்பிங் முடிந்த இடத்திலேயே ஒரு மழைக்காலத்துக்குள் சிலீப்பர் ஓரங்களில் சேறு படிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். 2021 நவம்பர் மழையில் இத்தடத்தில் மண் சரிந்து ரயில்கள் ரத்தானதையும் மறக்க முடியாது. நமக்கு ஆண்டுக்கு இரண்டு பருவமழை. எனவே மே, செப்டம்பர் மாதங்களில் வெட்டுப் பகுதி ஓடைகளைத் தூர்வாரி, சேறேறிய இடங்களில் ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பின்னரே டேம்பிங் செய்ய ரயில்வே நிர்வாகம் திட்டமிட வேண்டும்.

– ஒரு வாசகர், தக்கலை