ஞாயிறு வாசிப்பு வட்டம்: இந்த முறை சீட்டு குலுக்கல்

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 14ஆம் தேதி, மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம், மழை வந்தால் கீழே பார்க்கிங்கில்.

போன நான்கு மாதமும் சரித்திர நாவலிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம், 'பொன்னியின் செல்வன்' பற்றியே மூன்று சண்டை, போதும்! அதனால் இந்த முறை சீட்டு எடுக்கப் போகிறோம், எது வருகிறதோ அதைத்தான் அடுத்த மாதம் படிக்க வேண்டும்.

1. அறிவியல் கதை: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே பிள்ளைகளும் படிப்பார்கள்.
2. தன்வரலாறு: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த பகுதியை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே கீழே வைக்க மாட்டீர்கள்.
3. சிறுகதை: அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை', 2021 சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.
4. குறுநாவல்: அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் குடத்தோடு அலையும் ஜமுனா. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நமக்கு விளக்கம் வேண்டாம்.

செய்ய வேண்டியவை:
1. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரும் பிளாட் எண்ணும் போடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது.
2. இந்த நான்கில் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் எடுத்து வாருங்கள், உள் அட்டையில் பென்சிலால் பெயர் எழுதி. போன தடவை இரண்டு புத்தகம் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை, என் அலமாரியில்தான் இருக்கின்றன.
3. சுண்டல் நம் பொறுப்பு, டீ கப் உங்கள் பொறுப்பு.