வயிற்றில் தடவ மட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது. விடிந்ததும் நாற்றங்காலுக்குப் போகிற அப்பா வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புகிறார். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? உன் கால் வீக்கம் வடிந்ததா?

நீ மெல்பர்னிலிருந்து அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராஸ்பெர்ரி இலை மாத்திரை, ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் குப்பி, புளூ கோஹோஷ் சொட்டு மருந்து. "32 வாரம் முடிஞ்சாச்சு, பிரசவத்துக்கு உடம்பைத் தயார் பண்ணணும்மா, எல்லாம் மூலிகைதானே" என்று சொன்னாய். போனில் பேசினால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் காரியமாக அந்தச் சொட்டு மருந்தை மூடி வைத்துவிடு. இதில் இரண்டாம் பேச்சே இல்லை. புளூ கோஹோஷ் வட அமெரிக்கக் காட்டில் விளையும் ஒரு வேர். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்றுதான் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் அதைச் சாப்பிட்ட ஒரு தாயின் குழந்தை, இதயம் பழுதாகி உயிருக்குப் போராடியது என்று 1998-இல் ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஒரு குழந்தைக்குத்தானே என்று நினைக்காதே அம்மா.

ராஸ்பெர்ரி இலை அவ்வளவு பயப்பட வேண்டியதாகத் தெரியவில்லை. உங்கள் ஆஸ்திரேலியாவிலேயே, தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 192 பெண்களை வைத்து ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டிருக்கிறார்கள். 32 வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் கெடுதல் ஒன்றும் தென்படவில்லை. ஆனால் வலி தொடங்கிக் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் வரையிலான நீண்ட நேரம் குறையவே இல்லை. கடைசியில் முக்கித் தள்ளுகிற நேரம்தான் சுமார் 10 நிமிடம் குறைந்ததாம். அவ்வளவுதான் அதன் பலன். ஈவினிங் பிரிம்ரோஸில் அதுவும் இல்லை. அதை விழுங்கினால் பிரசவம் சீக்கிரமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

நீ பிறந்த கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன தேதி தாண்டி எட்டு நாள் ஆகியும் எனக்கு வலி வரவில்லை. அம்மாச்சி ஒரு டம்ளர் சூடான காபியில் விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்து நின்றது. நான் அப்போதே கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து இரண்டு வருஷம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பெற்ற தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. குடித்துவிட்டேன். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு, வாந்தி. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. வலியும் வந்தது. விட்டுவிட்டு வராமல் ஒரே இழுப்பாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ உள்ளேயே மலம் கழித்திருந்தாய். பிறந்ததும் அழவில்லை. வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்த பிறகுதான் உன் குரல் கேட்டது. அந்த இடைவெளியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

எண்ணெயால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாள் தள்ளிப்போனாலே சில குழந்தைகளுக்கு அப்படி ஆவதுண்டு. அம்மாச்சி மேலும் எனக்குக் கோபமில்லை. அதற்கு அதன் அம்மா கொடுத்ததைத்தான் எனக்கும் கொடுத்தது. ஆனால் விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம், குடலையும் கர்ப்பப்பையையும் ஒரே வழியில் சுருங்க வைக்கிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். எலிகளிடம் செய்த ஆய்வு அது. அதைப் படித்தபோது அந்த ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. வேலை செய்கிற எதற்கும் அளவும் வேளையும் உண்டு. வீட்டு டம்ளரில் அந்த அளவு கிடையாது.

மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று எண்ணிவிடாதே. நம் அரசாங்கமே மகப்பேறு சஞ்சீவி என்று 11 சித்த மருந்துகள் அடங்கிய பெட்டகம் கொடுக்கிறது. நானே எத்தனையோ பேரை அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எந்த மாதத்தில் எது, எவ்வளவு என்று சித்த மருத்துவர் பார்த்துத்தான் தருவார். உனக்கு இவற்றை விற்ற கடைக்காரருக்கு உன் ரத்த அழுத்தம் தெரியுமா, குழந்தை தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று தெரியுமா?

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உனக்குக் கை பரபரக்கும். அது எனக்குப் புரிகிறது. பேரீச்சம்பழம் சாப்பிடு. ஜோர்டானில் கடைசி நான்கு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்டவர்களில் அதிகம் பேருக்கு வலி தானாகவே வந்ததாக 2011-இல் எழுதியிருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அது சாப்பாடு. உனக்குச் சர்க்கரை இல்லை என்று சொன்னாய், அதனால் சொல்கிறேன். சாயங்காலம் மாப்பிள்ளையோடு நட. அப்புறம், 37 வாரத்துக்கு மேல் லேசாக வலித்தால் சீரகக் கஷாயம் வைத்து ஒரு வாய் குடி. சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும் என்பது நம் வீட்டுப் பழக்கம். ஆனால் 37 வாரத்துக்கு முன்னால் வலி விட்டுவிட்டு வந்தாலோ, எப்போதாவது குழந்தையின் அசைவு குறைந்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

மூன்று பாட்டிலையும் நாளைக்கே உன் பிரசவம் பார்க்கிற மிட்வைஃபிடம் கொண்டுபோய்க் காட்டு. திட்டுவார்கள் என்று மறைக்காதே. அவர் சொன்னதை எனக்கு எழுது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பாபநாசம் பஸ் பிடித்துத் திருக்கருகாவூர் போகிறோம். உனக்காக நெய் வாங்கிவந்து 48 நாள் சாப்பிடச் சொன்னேனே, அதே கர்ப்பரட்சாம்பிகை சந்நிதிதான். இந்தத் தடவை அம்பாள் திருவடியில் வைத்த விளக்கெண்ணெய் வாங்கப் போகிறேன். வலி எடுக்கும்போது வயிற்றில் தடவிக்கொள்வதற்காகத் தருவது அது. 36 வாரம் முடியும் முன் நான் உன்னிடம் இருப்பேன். என் கையாலேயே தடவிவிடுகிறேன். சீசாவின் மேல் பெரிய எழுத்தில் 'வயிற்றில் தடவ மட்டும்' என்று எழுதி ஒட்டிக் கொண்டுவருகிறேன்.

உன் அம்மா