முதல் நாள் விளையாட்டுல ஒண்ணை எடுத்துட்டேன், தம்பி

தம்பி,

பேரு எழுதலை. இங்கிலீஷ்ல பி-ல (P) ஆரம்பிக்கிற பேருன்னு மட்டும் சொல்லிக்கிறேன், அது இல்லாம இந்தக் கடிதமே நிக்காது. டிபார்ட்மென்ட் ஆளுங்க, உங்க பேட்ச் வாட்ஸப் குரூப், என் பொண்ணோட மாமியார் வரைக்கும் இதைப் படிக்கிறாங்க, அதனால சில இடத்துல நான் முழுங்குறது தெரிஞ்சா நீயே நிரப்பிக்கோ.

போன வாரம் ஹெச்ஓடி கேட்டாங்க, ஃபர்ஸ்ட் இயருக்கு பிரிட்ஜ் கோர்ஸ் ஆரம்பிக்குது, புதுசா வந்திருக்கிற கௌரவ விரிவுரையாளர்களுக்கு முதல் நாள் ஐஸ்பிரேக்கர், அதான் கூச்சம் போக்குற விளையாட்டு, லிஸ்ட் கொடுங்க மேடம்னு. வருஷா வருஷம் கொடுக்கிற அதே ரெண்டு பக்கம்தான். இந்தத் தடவை நாலாவதா இருந்த, பேரோட ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ற விளையாட்டை அடிச்சிட்டுக் கொடுத்தேன். ஏன் மேடம், இருக்கிறதுலயே ஈசி அதுதானேன்னு ஒரு பொண்ணு கேட்டா. பசங்க கூச்சப்படுறாங்கம்மான்னு சமாளிச்சிட்டு வந்துட்டேன். வர்ற மே மாசம் ரிட்டையர்ட், 60 ஆக்கினதால ரெண்டு வருஷம் கூடக் கிடைச்சுது, இல்லன்னா அடிக்காமலே போயிருப்பேன்.

உன் போஸ்ட்டைப் படிச்சேன். காலேஜ் முதல் நாள் விளையாட்டுல உன்னைப் பார்த்து சிரிச்சதைப் பத்தி ஆசிரியர் தினத்தன்னிக்குப் போட்டியே, அதுதான். "ஒரு மேடம்"னு எழுதியிருந்தே. பேரு போடாததுக்கு நன்றி சொல்லவா கோவப்படவான்னு இன்னும் தெரியலை, ஏன்னா கமென்ட்ல மூணாவது ஆளே கண்டுபிடிச்சிட்டான். மெரூன் சேலைன்னு எழுதியிருந்தே, அது அரக்கு. சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தே. அது சரி. சிரிச்சேன்.

2009 ஜூன். ஷீட் போட்ட அந்த ஹால், 64 பேர், மூணு ஃபேன்ல ஒண்ணு ஓடுது. பேருக்கு முன்னாடி அதே எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு வார்த்தை சொல்லணும், அடுத்தவங்க முன்னாடி சொன்ன எல்லாரையும் திருப்பிச் சொல்லிட்டு தன் பேரைச் சேர்க்கணும். ஸ்வீட், ஸ்மார்ட், ஜாலின்னு போயிட்டிருக்கு. நீ ஏழாவது. டெஸ்க்ல ரெண்டு கையையும் ஊனி எந்திரிச்சே. "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சே, நான் டக்குனு "ஐ யாம்"னு திருத்தினேன், வாயைத் திறந்தவனை முதல் வார்த்தையிலயே. அப்புறம் ஓடாத ஃபேனையே ரொம்ப நேரம் பார்த்தே. ஏதாவது பி-ல, எனி வேர்ட், ஃபாஸ்ட் ஃபாஸ்ட்னு நான் கையைத் தட்டுறேன். அப்போதான் "புவர்"னு சொல்லி உன் பேரைச் சொன்னே.

உன் சட்டையைப் பார்த்து சிரிச்சேன்னு எழுதியிருக்கே. அது இல்ல தம்பி, சத்தியமா இல்ல. பையன் தன்னையே கிண்டல் பண்ணிக்கிறான், தைரியக்காரன்னு நினைச்சேன். குட்னு கூட சொன்னேன், நெக்ஸ்ட்டுன்னேன். உனக்கு அடுத்து 57 பேர். முப்பதாவது ஆள் வர்றப்போ மத்தவங்க வார்த்தையெல்லாம் கலந்து போச்சு, ஸ்வீட்டா ஸ்மார்ட்டான்னு தடுமாறினாங்க, உன்னோடது மட்டும் ஒருத்தருக்கும் மறக்கலை. விளையாட்டு நல்லா வேலை செஞ்சுதுன்னு டைரியில எழுதி வெச்சேன். மறுநாள் காரிடார்ல "டேய் புவரு"ன்னு ஒருத்தன் கூப்பிட்டான், நீ திரும்பிப் பார்த்தே.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் முதல் நாள்னா செல்ஃப் இன்ட்ரோதான், பேரு, ஊரு, "வாட் இஸ் யுவர் ஃபாதர்". ஊரும் அப்பா வேலையும் கேட்டா அடுத்து என்ன தெரிஞ்சிடும்னு உனக்கு நான் விளக்க வேணாம். அதைக் கேட்கக் கூடாதுன்னுதான் இந்த விளையாட்டுக்கே மாறினேன். இது உன் போஸ்ட்ல இல்ல. எப்படி இருக்கும், உனக்குத் தெரியாதே.

மத்த விளையாட்டு எதுவும் அந்த ஹால்ல ஓடாது. ஹைதராபாத்ல இப்போ இஃப்லுன்னு சொல்றாங்களே, அந்த இங்கிலீஷ் யுனிவர்சிட்டி, அது சீஃபெல்லா இருந்தப்போ ரெஃப்ரெஷர் கோர்ஸ் போயிருந்தேன், இருபது டீச்சர் வட்டமா உக்காந்து பந்து போட்டுப் பிடிச்சு விளையாடினோம், அருமையா இருந்தது. இங்க பெஞ்சை ஆணி அடிச்சு வெச்சிருக்கான். ஃபைண்ட் சம்ஒன் ஹூன்னு ஒண்ணு, பேப்பரைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா போய் விமானத்துல போயிருக்கியா, ரெண்டு பூனை வளர்க்கிறியான்னு கேட்கணும். பொம்பளைப் பிள்ளைங்க அந்தப் பக்கமே போகலை, விமானத்துல போனவங்க ஒருத்தரும் இல்ல. பேசாம பிறந்தநாள் வரிசையில நில்லுங்கன்னு ஒண்ணு பண்ணினேன், பாதி கிளாஸ் மே, ஜூன்ல வந்து குவிஞ்சு நிக்குது, ஸ்கூல்ல சேர்க்கிறப்போ ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுத்த தேதி. அதுல மட்டும் எல்லாரும் சேர்ந்து நல்லா சிரிச்சோம், என்னையும் சேர்த்து, என்னோடதும் மே மாசம்தான்.

இதெல்லாம் சாக்குன்னு சொல்லுவே. சாக்குதான். அதே வருஷம் மதியம் எம்.ஏ. பசங்களுக்கு கிராஷன்ங்கிற மொழியியல்காரர் சொன்னதை நடத்திட்டிருந்தேன், அஃபெக்டிவ் ஃபில்டர், பயமும் வெட்கமும் இருந்தா காதுல விழுற மொழி உள்ள இறங்காது, புதுசா கத்துக்கிறவங்க கொஞ்ச காலம் பேசாம கேட்டுக்கிட்டே இருப்பாங்க, விட்டுடணும். மதியம் இதை போர்டுல எழுதிப் போட்டவதான் காலையில உன் முன்னாடி கையைத் தட்டினவ.

உனக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடிதமே. செப்டம்பர்ல லீவ் லெட்டர் எழுத பழைய நோட்டைத் தூக்கிட்டு வந்தே, பிளஸ் டூ இங்கிலீஷ் நோட்டு, பின்னாடி மிச்சத் தாள்ல எழுதினே. நீ எழுதி முடிச்சு கொடுத்தப்போ சும்மா முன்னாடி புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில அடியில ஒரே வார்த்தை, "புவர்", கையெழுத்து, தேதி. ஏழைங்கிற அர்த்தத்துல நீ சொல்லவே இல்ல. பி-ல உனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்தை, ஸ்பெல்லிங்கோட, அதுதான். நோட்டை மூடிக் கொடுத்தேன். லெட்டர்ல "ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்கே கிளாஸ்ல அந்தப் பேரை நிறுத்தியிருக்கலாம். பேலியண்ட்டுன்னு... இல்ல, பாரு, இப்பவும் பதட்டத்துல தப்பா வருது. பேஷன்ட், பொலைட், பங்க்சுவல். எத்தனை வார்த்தை இருந்தது.

செகண்ட் இயர் ஹாஸ்டல்ல நடந்ததை இங்க எழுத மாட்டேன். எனக்கும் தெரியும்னு மட்டும் தெரிஞ்சுக்கோ.

ஆனா மூணு வருஷம்டா. போனஃபைட் வாங்க வந்தே, எம்.ஏ. அப்ளிகேஷன் என் வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் ஃபில்லப் பண்ணினே, என் கிராமர் புக்கை எடுத்துட்டுப் போய் இன்னும் கொடுக்கலை. ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல, மேடம் அது எனக்கு வலிக்குதுன்னு. ஊர் பூரா படிக்கிற மாதிரி எழுதத் தெரியுது, எதிர்ல உக்காந்து சொல்லத் தெரியலையா? எப்படிச் சொல்லுவேன்னு கேட்பே. ஸ்டாஃப் ரூம்ல இங்கிலீஷ்லதான் பேசணும்னு ரூல் போட்டதே நான்தான்.

புக்கை நீயே வெச்சுக்கோ.

நாளைக்கு ஃபர்ஸ்ட் இயருக்கு என் கடைசி முதல் நாள் கிளாஸ். யாரையும் எழுப்பப் போறதில்ல. போர்டுல நான் மூணு விடை எழுதுவேன், கேள்வி என்னன்னு அவங்க கண்டுபிடிக்கணும், தமிழ்ல கேட்டாலும் சரி, அதை நான் இங்கிலீஷ்ல எழுதிப் போடுவேன். மூணுல ஒண்ணு 72. வயசான்னு கேட்பாங்க, பஸ் நம்பரான்னு கேட்பாங்க. பிளஸ் டூ இங்கிலீஷ்ல 200-க்கு நான் வாங்கினது அது, அப்போ 70 வாங்கினா பாஸ். இத்தனை வருஷத்துல எந்த கிளாஸ்லயும் சொன்னதில்ல, உங்க கிளாஸ்லயும்.

உன் கிளாஸ்ல முதல் நாள் நீ என்ன பண்றேன்னு எழுது. கமென்ட்ல வேணாம். நம்பர் அதே நம்பர்தான்.