கடிக்கும்வரை எங்கள் நாய், கடித்தபின் தெருநாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் இதே பகுதியில் உப்புவெளி வாசகர் ஒருவர் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. விடிய ஐந்தரைக்குக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவன் நான், கையில் தடி இல்லாமல் படலையைத் தாண்டுவதில்லை. ஆனால் அவர் சொல்கிற நாய்களில் எத்தனை உண்மையில் கட்டாக்காலி? எங்கள் உவர்மலை ஒழுங்கையில் படுத்துக் கிடக்கிற ஒன்பதையும் எனக்குத் தெரியும். அதில் ஏழுக்குப் பேர் இருக்கிறது, சோறு வைக்கிற வீடு இருக்கிறது, மத்தியானம் எது எந்தக் கேற்றடியில் போய் நிற்கும் என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே சொல்லும். 'இது என் நாய்' என்று சொல்கிற ஆள் மட்டும்தான் இல்லை.

நானும் அப்படிச் சொல்லாத ஆள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மாரிமழை இரவில் மண்ணிறக் குட்டி ஒன்று எங்கள் வாசல்படியில் ஏறிப் படுத்தது. விரட்ட மனம் வரவில்லை. மீன் தலையும் பழஞ்சோறும் போட்டோம், பேத்தி ஜிம்மி என்று பேர் வைத்தாள், அப்புறம் அது போகவே இல்லை. சங்கிலியும் இல்லை, கழுத்துப்பட்டியும் இல்லை, பகலில் ஒழுங்கை முழுக்க அதன் இராச்சியம். காலையில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் தலையை நிமிர்த்தி அதே மெட்டில் ஊளையிடும், ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி. போன வருடம் ஒருநாள் அந்தப் பாண்காரத் தம்பி மாலுபாண் எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது யாரோ வாலை மிதித்தார்களோ என்னவோ, ஜிம்மி திரும்பி அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நாலு பல் பதிந்த இடம். முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகுதான் இரத்தம் வந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி கோப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். நல்லகாலம், என் மருமகள் தடுத்துவிட்டாள். காயத்தில் கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தத் தம்பியைப் பைப்படியில் இருத்தி அப்படியே செய்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், யாருடைய நாய், விசர் நோய்க்கு (ரேபிஸுக்கு) ஊசி போட்டதா, அட்டை இருக்கிறதா என்று.

"தெருநாய்" என்றேன் நான்.

வாயில் அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம். முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் இலிகிதராக இருந்தவன், எத்தனை பேர் கூண்டில் ஏறி 'அது எங்கட நாய் இல்லை ஐயா' என்று சொல்லக் கேட்டிருப்பேன், அப்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தவன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி ஒன்றுதான் கேட்டா: "பிறகேனப்பா அதுக்குப் பேர் வச்சனீங்கள்?"

பின்னேரமே திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. வீட்டு நாய், ஊசி போட்டது, கட்டிவைத்து 14 நாள் கவனிக்கலாம் என்றால் வைத்தியர் ஒரு மாதிரி முடிவெடுப்பார். ஆளில்லாத நாய், நாளைக்கு எங்கே நிற்குமோ என்றால் வேறு மாதிரி. நான் சொன்ன ஒரு சொல்லில் கடிபட்டவருடைய வைத்தியமே மாறக்கூடும். ஜிம்மியைக் கிணற்றுக் கயிற்றால் பின்வளவு முருங்கையில் 14 நாளும் கட்டி வைத்தோம். அந்தத் தம்பியின் மூன்று நாள் உழைப்புக் காசையும் மருந்துச் செலவையும் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், கெஞ்சித்தான் கொடுத்தேன்.

ஓய்வுபெற்றும் ஆட்கள் என்னிடம் வந்து கேட்கிற கேள்விகளில் பாதி நாய்க் கேள்விதான், காணிக்கு அடுத்தபடி. நான் சட்டத்தரணி இல்லை, வழக்குக் கோப்புகளைத் தூக்கித் திரிந்தவன், அந்த அளவுக்குத்தான் சொல்கிறேன்.

நாயைப் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். வருடா வருடம் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. விசர் நோய்க்கென்று அதற்கும் முந்திய 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் யாரும் நீக்கவில்லை, எங்கள் பக்கத்தில் யாரும் கைக்கொள்ளவும் இல்லை. ஜிம்மியின் கதைக்குப் பிறகு நான் ஒரு கருமபீடத்தில் போய் நாயைப் பதிய வந்திருக்கிறேன் என்றேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, அந்தப் பிள்ளைகளில் பிழை இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்தார், மற்றவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "நாய்க்கா ஐயா?" என்றார். புத்தகம் இல்லை, படிவம் இல்லை. அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன்.

அடுத்தது, கடித்தால் நட்டஈடு கேட்கலாமா என்பது. கேட்கலாம். சிவில் வழக்கு, எங்கள் நாட்டில் அதற்கு அடிப்படை ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம். ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று காலம்: இப்படியான சேதத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சமாதானம் பேசிப் பேசியே அந்தக் காலத்தைக் கோட்டை விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மற்றது மத்தியஸ்த சபை. சிறிய தொகைப் பிணக்கு என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் அங்கே போக வேண்டும். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டுதான் வழக்கு. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். என்னைக் கேட்டால் நாய்ப் பிணக்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் இருக்கும்போது 'எங்கட நாய் இல்லை' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆஸ்பத்திரி அட்டை, பற்றுச்சீட்டு, காயத்தின் படம், எல்லாவற்றையும் வைத்திருங்கள், கையில் ஒன்றுமில்லாமல் போய்க் குரலை உயர்த்திப் பிரயோசனமில்லை.

'நாய் கவனம்' என்று பலகை மாட்டினால் தப்பலாமா என்று ஒரு கடை முதலாளி கேட்டார். பலகை மாட்டினால் பொறுப்புப் போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் நான் வாசிக்கவில்லை. மதிலேறிக் குதித்த கள்ளனைக் கடித்தால் அது வேறு கதை. ஆனால் தபால்காரரும் மின்மானி வாசிக்கிறவரும் டெங்கு பார்க்க வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வேலையாக வருகிறவர்கள். அவர்களைக் கடித்துவிட்டுப் பலகையைக் காட்டினால், 'கடிக்கிற நாய் என்று தெரிந்துதானே மாட்டினீர், பிறகேன் கட்டவில்லை?' என்றுதான் மற்றப் பக்கம் கேட்கும். பலகையை மாட்டுங்கள், நாயையும் கட்டுங்கள்.

இரவிரவாகக் குரைக்கிறது என்ற முறைப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. ஊரே நித்திரை இழந்தால் பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போகலாம். ஆனால் பொலிசுக்குப் போக முன்னம் ஒருதரம் பகலில் போய், வீட்டுக்காரருக்குக் கோபம் வராத நேரம் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். பாதி நாய்கள் குரைப்பது இரவு முழுக்கக் கட்டைக் கயிற்றில் நிற்கிறபடியால்.

நஞ்சு வைப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். அன்புவழிபுரத்துப் பக்கம் தெரிந்த ஒருவருடைய பதினொரு கோழியைப் பக்கத்து வளவு நாய் ஒரே இரவில் கொன்றது. அவர் இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் இறைச்சித் துண்டில் பயிருக்கு அடிக்கிற மருந்தை வைத்தார். செத்தது அந்த நாய் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவி வளர்த்த வெள்ளை நாயும், ஒரு பூனையும், காகம் நாலும். கோழிக்கு நட்டஈடு கேட்டிருந்தால் நியாயம் முழுக்க அவர் பக்கம், அதை அந்த ஒரு இரவில் தொலைத்தார். அடுத்தவன் நாயை நஞ்சு வைத்துக் கொல்வது தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம். நாய் பாய்கிற நேரம் தடியெடுத்து அடிப்பது உயிரைக் காக்க, ஆறுதலாக இருந்து திட்டம் போட்டு நஞ்சு வைப்பதற்கு அந்தச் சாட்டுச் செல்லாது. மிருகவதைக்கென்று 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. அதில் உள்ள தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய காசு, இன்றைக்கு அதே பாண்காரத் தம்பியிடம் ஒரு றாத்தல் பாண்கூட அதற்கு வராது. சிறைத் தண்டனையும் ஏட்டில் இருக்கிறதுதான், ஆனால் 100 ரூபாய்ச் சட்டம் என்று ஆட்களின் மனதில் பதிந்துவிட்டால் யார் பயப்படுவார்கள்? புதிய மிருக நலச் சட்டத்துக்கு 2006இல் சட்ட ஆணைக்குழு வரைவு போட்டது. வருடங்கள் போனதுதான் மிச்சம்.

சரி, உப்புவெளி வாசகருடைய விஷயத்துக்கு வருகிறேன். கொன்றால் குறையுமா? இந்த நாடு அதைச் செய்து பார்த்தது. வண்டியில் பிடித்துப்போட்டுக் கொண்டுபோய்க் கொன்ற காலம் என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில்தான், 1973இல், விசர் நோயால் 377 பேர் செத்தார்கள். அந்த எண்ணிக்கை இன்றைக்கு வருடத்துக்குச் சில பத்துக்களுக்கு இறங்கியிருப்பது நாய்க்குப் போட்ட ஊசியாலும், கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிற ஊசியாலும். 2006இலிருந்து அரசாங்கத்தின் கொள்கையே கொல்வதில்லை, பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போட்டு விடுவது என்பதுதான். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி விழுந்தால் நோய் பரவ வழியில்லை என்கிறார்கள். எழுபதை எப்படி எட்டுவது? ஊசி போட வருகிற நாளில் மைக்கில் சொல்லிக்கொண்டு போவார்கள், நாயைக் கொண்டுபோக யாருமில்லை, ஏனென்றால் யாருக்கும் நாய் இல்லை!

குட்டிகள் தெருவுக்கு வருவதும் இப்படித்தான். பெண் குட்டிகளைக் காட்போட் பெட்டியில் வைத்து மீன் சந்தையடியிலோ கன்னியா வீதியோரத்திலோ இரவில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் மரியாதையான குடும்பக்காரர்தான். பெட்டியில் சில நேரம் பழைய சட்டை விரித்திருக்கும், ஒரு சிரட்டையில் பாலும் இருக்கும். அவ்வளவு இரக்கம் உள்ளவருக்குத் தாய் நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. பிறகு அந்தக் குட்டிகள் வளர்ந்து கூட்டம் சேர்ந்து கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களைத் துரத்தும்போது சபை என்ன செய்கிறது என்று பத்திரிகைக்கு எழுதுவோம்.

சபைக்காரரிடம் நான் கேட்பது பெரிய காசுச் செலவு இல்லை. ஊசி போட வருகிறவர்கள் கோயில் வேம்படியிலோ வாசிகசாலையடியிலோ மேசை போட்டு இருப்பார்கள் அல்லவா, அதே மேசையில் சபையின் பதிவுப் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும். ஊசி, பதிவு, இலக்கம் போட்ட கழுத்துப்பட்டி, மூன்றும் ஒரே இடத்தில். ஒழுங்கையே சேர்ந்து சோறு போடுகிற நாய் என்றால் ஒழுங்கையில் ஒருவர் பேரில் பதியட்டும், செலவை மற்றவர்கள் பங்கிடட்டும். கட்டணத்தைக் கூட்டிவிடாதீர்கள், கூட்டினால் எல்லா நாயும் திரும்பத் தெருநாய் ஆகிவிடும். ஊசி அட்டை இல்லாத நாய்க்குத்தான் தண்டம் என்று முதல் வருடம் அறிவியுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஜிம்மிக்கு இந்த வருட ஊசி போட்டாயிற்று. அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பேரை நானே எழுதினேன். இப்போது கழுத்தில் சிவப்புப் பட்டி, பாண் ஓட்டோ வருகிற நேரம் கேற்றுக்கு உள்ளே நின்றுதான் ஊளை. பதிவுப் புத்தகம் திறக்கிற நாளில் வரிசையில் முதல் ஆளாக வந்து நிற்பேன். நாயையும் கூட்டிவர வேண்டுமா, அட்டை மட்டும் போதுமா என்று மட்டும் முன்கூட்டி அறிவித்தால் நல்லது, சந்தைக்குள்ளால் இதைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.