முதற்பலன் என்பது காணிக்கைக் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதற்பலன் காணிக்கையைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வேலையில் சேர்ந்தவர் தம் முதல் மாதச் சம்பளம் முழுவதையும் சபைக்குப் படைக்க வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டின் போதனை என்றும், அப்போஸ்தலன் பவுல் முதற்பலனுக்குக் கையாளும் 'அபார்க்கே' என்ற கிரேக்கச் சொல்லே அதற்கு ஆதாரம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை இதற்குச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

அபார்க்கே யூதர்களிடம் தோன்றிய சொல் அன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் கல்வெட்டு ஒன்று, எலூசிஸ் கோயிலுக்கு வாற்கோதுமை விளைச்சலில் 600இல் ஒரு பங்கும் கோதுமையில் 1200இல் ஒரு பங்கும் அபார்க்கேயாக வர வேண்டும் என்று விதிக்கிறது. (ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்கும் நம்மவர்களை நோக்க, ஏதென்ஸ்காரர்கள் குடியானவனிடம் இரக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.) எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லையே எடுத்து, லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் அறுப்பின் முதற்பலனாகிய கதிர்க்கட்டுக்கு வைத்தார்கள். ஓய்வுநாளுக்கு மறுநாளில் ஆசாரியன் அந்தக் கட்டைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான். அதுவரை புது விளைச்சலில் அப்பமோ வாட்டின கதிரோ பச்சைக் கதிரோ வாயில் வைக்கக் கூடாது. ஒரு கட்டு ஏறெடுக்கப்பட்ட பிறகே மீதி வயல் முழுவதும் உண்ணத் தகுந்ததாகிறது.

பவுலின் வாதம் இந்த வயலில்தான் நிற்கிறது. கொரிந்து சபையில் சிலர் கிறிஸ்து உயிர்த்தெழுந்ததை ஒப்புக்கொண்டு, மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்பதே இல்லை என்றும் சொல்லிவந்தார்கள் என்பது 1 கொரிந்தியர் 15:12இலிருந்து தெரிகிறது. அவர்களுக்குப் பதிலாகத்தான் கிறிஸ்து 'நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்' என்று 20ஆம் வசனத்தில் எழுதுகிறார். கதிர்க்கட்டு வேறொரு நிலத்தில் விளைந்ததன்று; அறுபடக் காத்திருக்கும் பயிரோடு ஒரே மண்ணில் நின்று, அதற்கு முன்னே முதிர்ந்தது. கட்டு வந்து சேர்ந்ததை நம்புகிறவன், பின்னால் வயல் நிற்பதை எப்படி மறுப்பான்? 'முதற்பலனானவர் கிறிஸ்து; பின்பு அவர் வருகையில் அவருடையவர்கள்' என்று 23ஆம் வசனம் வரிசையை வகுக்கும்போது, வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது. இதில் செலுத்த வேண்டிய தொகையைப் பற்றிய பேச்சுக்கு இடம் எங்கே இருக்கிறது?

ரோமர் 8:23இலோ கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறியே விடுகிறார்கள். அங்கே நாம் 'ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற' கூட்டம்; கொடுத்தவர் கடவுள். ரோமர் 11:16 எண்ணாகமம் 15இல் வரும் பிசைந்த மாவை உவமையாக்கி, எடுத்துவைத்த பங்கு பரிசுத்தமானால் முழு மாவும் பரிசுத்தம் என்கிறது. மற்ற இடங்களில் முதற்பலன் எனப்படுவோர் மனிதர்கள்: ஸ்தேவானுடைய வீட்டார், எப்பனெத்து, யாக்கோபு நிருபத்தின் வாசகர்கள், வெளிப்படுத்தின விசேஷத்தின் 1,44,000 பேர். எப்பனெத்து 'அகாயாவிலே' (கொரிந்து இருந்த ரோம மாகாணத்திலே) முதற்பலன், அதாவது முதலில் விசுவாசித்தவர், என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருப்பதைக் கண்டு, ஸ்தேவானின் வீட்டாரும் அகாயாவின் முதற்பலன்தானே என்று குழம்புபவர்கள் உண்டு. பழமையான கைப்பிரதிகள் ரோமர் 16:5இல் 'ஆசியா' (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) என்றே படிக்கின்றன.

காசு கேட்கும்போது பவுல் என்ன சொல் எடுக்கிறார் என்பதையும் பார்த்துவிடலாம். அதே கொரிந்தியர் நிருபத்தில் அடுத்த அதிகாரமே, பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பற்றிய திட்டத்தோடு தொடங்குகிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'லொகெயா', அதாவது வசூல். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கட்டும் என்கிறாரேயன்றி, முதல் சம்பளம், முழுச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. அபார்க்கே அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் வரத்தான் செய்கிறது, ஸ்தேவானின் வீட்டாரைக் குறித்து. பணத்துக்கு ஒரு சொல்லும் ஆட்களுக்கு ஒரு சொல்லுமாகப் பவுல் பிரித்து வைத்திருக்கும்போது, இரண்டையும் கலக்க நமக்கு என்ன உரிமை?

உன் பொருளாலும் விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு என்னும் நீதிமொழிகள் 3:9ஐயும் கட்டுரையாளர் காட்டியிருக்கிறார். அது கட்டளைதான், முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லும் உபாகமம் 26உம் கட்டளைதான். ஆனால் நீதிமொழிகளைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'உன் பொருளால்' என்பதை 'உன் நீதியான உழைப்பிலிருந்து' என்று எழுதியதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேலும், அபார்க்கேயைக் காணிக்கையாகக் கேட்கும் பழைய கிறிஸ்தவ நூல் அவருக்கு வேண்டுமானால், புதிய ஏற்பாட்டுக்கு வெளியே 'திதாக்கே' இருக்கிறது. அதன் 13ஆம் அதிகாரம் ஆலை, களம், மாடு, ஆடு ஆகியவற்றின் முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பணத்தையும் உடையையும்கூட விட்டுவைக்கவில்லை. ஊரில் தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. கட்டுரையாளர் இந்த நூலை ஆதாரமாக ஏற்பாரானால், இந்த வரியையும் சேர்த்தே ஏற்பாரா என்பதைத் தங்கள் இதழிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை